ஏழாம் மேட்டில் போட்ட உப்பு

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பனியை மிதித்துப் பார்க்கத் தெரியாது. கைபேசியைத் தடவிப் பார்ப்பார்கள். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் தெரிந்துபோகிற குளிரைச் சட்டைப் பைக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டிடம் கேட்பார்கள். அது 'மைனஸ் ரெண்டு' என்று சொல்லிவிட்டால் போதும், காலுக்குக் கீழே கஞ்சியாகக் குழைந்து கிடந்தாலும் மைனஸ் ரெண்டு என்றே சாதிப்பார்கள். அப்புறம் யாராவது விழுந்தால், எப்படி ஆச்சு எப்படி ஆச்சு என்று சுற்றி நின்று படம் பிடிப்பார்கள்.

தூமாஷ் இதையெல்லாம் காலை ஆறரை மணிக்கு, பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டே, அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி மெஞ்சா பார்லி சூப் அண்டாவுக்கு மூடி போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பனிச்சறுக்குப் பந்தயக் கூடாரத்தில் சூப் ஊற்றுவது அவள் பங்கு.

"இன்னிக்கு உனக்குப் பயம் ஜாஸ்தி போல," என்றாள். "விடியறதுக்கு முன்னாடியே ஊரைத் திட்ட ஆரம்பிச்சிட்ட."

"எனக்கென்ன பயம்?"

"யோவ், மூணு வருஷமா நம்ம பொண்ணு ஓடுறது டிவில வந்தா மாட்டுக் கொட்டாய்க்கு ஓடுற. மாட்டை வித்து அஞ்சு வருஷம் ஆச்சு. அங்க யாருக்குய்யா புல்லு போடுற?"

தூமாஷ் பூட்ஸ் கயிற்றை இழுத்த இழுப்பில் அது அறுந்தது.

பிரதாவல் ஊருக்குப் பந்தயம் வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் தடத்து வேலைக்குப் போக வேண்டும். சம்பளம் கிடையாது, கேட்கவும் கூடாது. போகாத வீட்டைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவார்கள். தூமாஷ் நாற்பது வருஷமாகப் போகிறவர். அவர் வேலை உப்புப் போடுவது. வெயிலில் பனி இளகினால் அதன்மேல் உப்பைத் தூவ வேண்டும். முதலில் இன்னும் கொஞ்சம் குழையும். பார்க்கிறவன் கெட்டது காரியம் என்று நினைப்பான். கால் மணி நேரத்தில் அடியிலிருந்து இறுகிக்கொண்டு வந்து பலகை மாதிரி ஆகிவிடும். முதலில் இறங்குகிறவனுக்கும் கடைசியில் இறங்குகிறவனுக்கும் ஒரே தரை. அதுதான் நியாயம் என்று அவர் நம்பினார். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்தும் பிடிபடாத நியாயம் இந்த உப்பு வாளியில்தான் அவருக்குப் பிடிபட்டது.

மகள் லாதினாவை ஆறு வயதில் சறுக்குக்கட்டை மேல் ஏற்றிவிட்டது அவர் இல்லை. அவளே ஏறினாள். பத்து வயதில் பள்ளத்தாக்கில் அவளை முந்த ஆள் கிடையாது. பதினெட்டில் நாட்டு அணிக்குள் போனாள். இருபத்தொன்றில் உலகக் கோப்பையில் பன்னிரண்டாவதாக வந்தாள். அன்றைக்கு ஊர்க் கோயில் மணியை அரை மணி நேரம் அடித்தார்கள். அதுவரைக்கும் தூமாஷுக்கு ஒரு குறையும் இல்லை. கதவு திறக்கும், ஒருத்தி இறங்குவாள், கடிகாரம் ஓடும். எதிரி என்று பார்த்தால் அந்தக் கடிகாரம் ஒன்றுதான். அதற்கு முழங்கை கிடையாது.

இருபத்திரண்டில் முட்டி போனது. இதே ஊரில், மார்ச் மாதம், இதே மாதிரி ஒரு வெயிலில். தூமாஷ் தடத்தில் நட்டிருந்த நாலாவது கம்பத்துக்குப் பக்கத்தில் உப்பு வாளியோடு நின்றார். பனி அழுகிக் கிடந்ததை அவர் கால் சொன்னது. "போடட்டுமா?" என்று கேட்டார். "பத்தாம் நம்பர் போன பிறகு," என்று உத்தரவு வந்தது. லாதினாவின் நம்பர் எட்டு. அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றார். அவள் வந்தாள், கட்டை உள்ளே புதைந்தது, உடம்பு திரும்பியது, இடது முட்டி திரும்பவில்லை. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. வாளி நிறைய உப்பு கையில் இருந்தது.

இருபத்தைந்தில் மறுபடியும் அதே முட்டி. இருபத்தாறில் மூன்று வரியில் ஒரு கடிதம், அணியில் இடமில்லை என்று. சரி, வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அவள் அறைக்கு வெள்ளையடித்து வைத்தார். அவள் தொலைபேசியில் கூப்பிட்டு, "அப்பா, நான் ஸ்கி கிராஸுக்கு மாறிட்டேன்," என்றாள்.

"அது என்ன கருமம்?"

"நாலு பேரு சேர்ந்து இறங்குறது. மேடு, வளைவு எல்லாம் இருக்கும். முதல்ல வர்ற ரெண்டு பேரு அடுத்த சுற்றுக்கு."

"நாலு மாடு ஒரே கதவுல முட்டிக்கிட்டுத் தொட்டிக்கு ஓடுற மாதிரியா?"

"ஆமாப்பா. ஆனா நான் முதல் மாடு."

அவர் போனை வைத்துவிட்டார். மூன்று வருஷமாக அவள் ஓடுவதை அவர் பார்க்கவில்லை. இந்த வருஷம் அந்தப் பந்தயம் பிரதாவலுக்கே வந்துவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள். மாட்டுக் கொட்டாய்க்கு ஓட வழியில்லை.

கூடாரத்தில் ரியெட் நின்றிருந்தான். தடத்துக்கு அவன்தான் தலைவன். நாற்பது வயது. தூமாஷோடு உப்புப் போட்ட ஒரு பழைய கூட்டாளியின் மகன். எல்லோருக்கும் கைப்பட்டை கொடுத்துக்கொண்டே கத்தினான்:

"அங்க ஒட்டியிருக்கிற தாளை எல்லாரும் படிச்சிட்டுத்தான் மேல போகணும்! பார்பா தூமாஷ், உங்களையும் சேர்த்துத்தான்!"

பெரியவர்களை அந்தப் பள்ளத்தாக்கில் பார்பா என்றுதான் கூப்பிடுவார்கள், சொந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தூமாஷ் தாளைப் பார்த்தார். பொடி எழுத்தில் இருபது வரி. பனிக்கு எதற்குத் தாள்? பார்த்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, உப்பு இரண்டு வாளியும் பல் வைத்த வாருகோலும் எடுத்துக்கொண்டு போனார். உப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் உப்பில்லாமல் போனால்தான் கேட்டிருப்பார்கள்.

ஏழாம் மேட்டில் அவருக்கு இடம். தடத்திலேயே பெரிய மேடு அது. முன்னால் ஐம்பது அடி நேர் ஓட்டம், பிறகு மேடு, அதன் விளிம்பிலிருந்து பறந்து, அந்தப் பக்கம் சரிவில் இறங்க வேண்டும். சரிவில் நீலச் சாயத்தால் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு முன்னால் இறங்கினால் சரிவு உடம்பைத் தாங்கிக்கொள்ளும். கோட்டைத் தாண்டினால் சமதரை. சமதரையில் வானத்திலிருந்து இறங்குவதும் மாடியிலிருந்து குதிப்பதும் ஒன்று.

அவரோடு ஷிமுன் இருந்தான். முப்பது வருஷம் தபால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். தூமாஷை விட இரண்டு வயது இளையவன், வாய் மட்டும் இருபது வயது. தொலைபேசியில் லாதினா சொன்ன மாட்டுக் கதையைத் தூமாஷ் அவனிடம்தான் சொல்லிப் புலம்பியிருந்தார். அவனிடம் மஞ்சள் கொடியும் ஒரு வாக்கி டாக்கியும் கொடுத்திருந்தார்கள்.

"வா வா," என்றான் ஷிமுன். "கடைசில பொண்ணு ஓடுறதைப் பாக்க உன்னைக் கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்க."

"நான் வேலைக்கு வந்திருக்கேன்."

"வேலையைக் கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டுத்தானே செய்வ?"

"உன் பஸ்ஸை நீ எப்படி ஓட்டினியோ அப்படிச் செய்வேன்."

ஷிமுன் சிரித்தான். தூமாஷ் சிரிக்கவில்லை. அவர் நேர் ஓட்டத்தின் ஓரத்தில் பனியை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிகால் உள்ளே போனது. வெயில் அப்போதுதான் முகட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அதற்குள் இப்படி.

முந்தின நாள் தகுதிச் சுற்று. அதில் ஒவ்வொருத்தராகக் கடிகாரத்தோடு இறங்குவார்கள். அதை மட்டும் அவர் கோயில் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தார். அது ஓட்டம், பார்க்கலாம். லாதினா இரண்டாவதாக வந்தாள். ஆனால் இதே ஏழாம் மேட்டுக்கு முன்னால் அவள் இடது கட்டை ஒரு கணம் குழைவில் அமுங்கியதை அவர் பார்த்தார். கால் வெளியே இழுபட்டது. அவள் அதைப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டு பறந்தாள். கீழே கூட்டம் கைதட்டியது. தூமாஷுக்குச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்றைக்கு நாலு பேர். பக்கத்தில் ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டிருக்கும்போது கால் இழுபட்டால்?

பத்து மணிக்கு, தடத்தைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் இறங்கிப் போனார்கள். மேட்டில் பறந்து கோட்டுக்கு முன்னாலேயே சரியாக இறங்கினார்கள். வாக்கி டாக்கியில் ரியெட், "தடம் சரி, இருபது நிமிஷத்துல முதல் ஓட்டம்," என்றான். ஷிமுன் ஒன்றுக்குப் போக மரத்துக்குப் பின்னால் போனான்.

தூமாஷ் யாரையும் கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்டார் அல்லவா? கேட்டு என்ன கிடைத்தது? தடத்தின் இடது ஓரமாக மேலே நடந்தார். வாளியில் கையை விட்டார். தோள் பழைய வாக்கில் சுற்றியது. மேட்டின் விளிம்பு வரைக்கும், நேர் ஓட்டம் முழுக்க, வீசிக்கொண்டே வந்தார். இரண்டு வாளியும் காலி. உப்பு விழுந்த சத்தம் மெல்லிய தூறல் மாதிரி இருந்தது. மனசு கொஞ்சம் அடங்கியது.

ஷிமுன் கால்சட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். காலி வாளியைப் பார்த்தான். "யாரு சொன்னது?"

"பனி சொல்லிச்சு."

முதல் ஓட்டம். மேலே தொடக்கக் கதவு விழும் சத்தம் பட்டென்று கேட்டது. நாலு பெண்கள் வளைவைத் தாண்டி வந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் தூமாஷ் அதைப் பார்த்ததில்லை. நாலு பேரும் ஒரே கட்டாக, தோளும் தோளும் உரசிக்கொண்டு, ஒருத்தி மூச்சு இன்னொருத்தி முதுகில். நேர் ஓட்டத்துக்குள் வந்ததும் கட்டைகளின் சத்தம் மாறியது. அதுவரை உஸ்ஸென்று வந்தது, கரகரவென்று ஆனது. இறுகிவிட்டது. அவர் திருப்தியோடு தலையை ஆட்டினார்.

அவர்கள் பறந்தார்கள். இறங்கவே இல்லை.

அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. நீலக் கோடு கீழே கடந்து போனது, அவர்கள் இன்னும் காற்றில் இருந்தார்கள். இரண்டு பேர் கோட்டிலேயே விழுந்து குந்திச் சமாளித்தார்கள். ஒருத்தி கோட்டைத் தாண்டி இறங்கி, கையை ஊன்றி எழுந்தாள். நாலாவது பெண், மஞ்சள் சட்டைக்காரி, சுவீடன்காரி, சமதரையில் இறங்கினாள். சாக்கு மூட்டையை மாடியிலிருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம். கட்டை ஒன்று தனியாகத் தடத்தின் ஓரத்து வலைக்குப் பறந்தது.

"ஐயோ," என்றான் ஷிமுன். கொடியை ஆட்டினான். இரண்டு பேர் ஓடிப் போய் அவளைத் தூக்கினார்கள். அவள் எழுந்து நின்றாள், ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு. காறை எலும்பு என்று யாரோ சொன்னார்கள்.

"பறக்கத் தெரியாதவ," என்றார் தூமாஷ். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

இரண்டாவது ஓட்டம். நாலு பேரில் மூன்று பேர் கோட்டைத் தாண்டினார்கள்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நாற்பது வருஷம் அவர் உப்புப் போட்ட தடங்களில் கம்பங்கள்தான் இருந்தன. அங்கே இறுகின பனி என்றால் உறுதியான கால். இங்கே மேடு இருக்கிறது. இங்கே இறுகின பனி என்றால் வேகம். வேகம் என்றால் தூரம். அந்த மேட்டை வெட்டினவன் குழைந்த பனிக்குக் கணக்குப் பார்த்து வெட்டியிருக்கிறான். சோதித்தவர்களும் குழைவில்தான் சோதித்தார்கள். இடையில் இவர் போய் ஐம்பது அடியைப் பளிங்காக்கி வைத்திருக்கிறார். முட்டிக்காகப் போட்ட உப்பு. அது முட்டியை விட்டுவிட்டு முதுகெலும்பைக் கேட்கிறது.

வாக்கி டாக்கி கரகரத்தது. ரியெட்டின் குரல்: "ஏழுல என்ன நடக்குது? காத்து ஏதாவது முதுகுப் பக்கமா அடிக்குதா? ஷிமுன்?"

ஷிமுன் தூமாஷைப் பார்த்தான். பிறகு பொத்தானை அமுக்காமல், மெதுவாகச் சொன்னான்: "காத்துன்னு சொல்லிடுறேன். இப்பத்தான் ஞாபகம் வருது, தாளுல போட்டிருந்துச்சு, மேட்டுக்கு முன்னாடி உப்பு போடக் கூடாதுன்னு. நீ படிக்கலையா? சொன்னா ஊருக்கு இனிமே பந்தயமே கொடுக்க மாட்டாங்க. சும்மா இரு. அவங்களே வேகத்தைக் குறைச்சுக்குவாங்க."

"மூணாவது ஓட்டத்துல யாரு?"

"உன் பொண்ணு நாலாவது."

"மூணாவதுல இருக்கிறவங்களுக்கும் அப்பன் இருப்பான்டா."

"அவங்கப்பன் உப்புப் போடலையே! நீதானே போட்ட! கொஞ்சம் யோசிச்சுப் பாரு, லாதினா பேரு என்ன ஆகும்? அப்பன் தடத்தைக் கெடுத்தான்னு—"

"அதைக் கொடு."

"தர மாட்டேன். ரெண்டு நிமிஷம் யோசி."

மேலே ஒலிபெருக்கியில் மூன்றாவது ஓட்டத்தின் பேர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்க அவருக்குத் தெரியவில்லை. வாருகோலை எடுத்தார், வலையைத் தூக்கினார், தடத்துக்குள் இறங்கினார்.

ஓட்டம் நடக்கும் நாளில் தடத்துக்குள் கால் வைப்பது என்றால் கோயிலுக்குள் துப்புகிற மாதிரி. அவர் நாற்பது வருஷத்தில் அதைச் செய்ததில்லை. நேர் ஓட்டத்தின் நடுவில் போய் நின்று, வாருகோலால் பனியைக் கொத்த ஆரம்பித்தார். பல் எகிறியது. அவ்வளவு இறுக்கம். அவர் போட்ட உப்பு நல்ல உப்பு.

"யாருடா அது தடத்துல!" என்று எங்கிருந்தோ கத்தினார்கள். விசில் ஊதினார்கள். ஒலிபெருக்கி நின்றது. மேலே மூன்றாவது ஓட்டத்தின் பெண்கள் கதவுக்குள் குனிந்து நின்றிருப்பார்கள், கதவு விழப்போகிற நேரம். விழுந்துவிட்டால் நாலு பேரும் நேரே இவர் மேல். ஆனாலும் கொத்தினார்.

கதவு விழவில்லை. ரியெட் கீழிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தான். முகம் பீட்ரூட் மாதிரி.

"பார்பா! பைத்தியமா உங்களுக்கு? வெளிய வாங்க!"

"உப்பு," என்றார் தூமாஷ்.

"என்னது?"

"ரெண்டு வாளி. மேல அந்தக் கம்பத்துலேர்ந்து விளிம்பு வரைக்கும். நான்தான். காத்து இல்ல."

ரியெட் குனிந்து கையுறையைக் கழற்றிப் பனியைத் தட்டினான். கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"எங்கப்பா உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா பேசுவாரு," என்றான்.

"அவனும் இதைத்தான் செஞ்சிருப்பான்."

"அவரு தாளைப் படிச்சிருப்பாரு!" கையை நீட்டினான். தூமாஷ் கைப்பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கழற்றும்போது விரல் மரத்திருந்தது. நாற்பது வருஷத்தில் அதை அவர் கையிலிருந்து யாரும் கேட்டு வாங்கினதில்லை.

பிறகு மண்வெட்டியோடு எட்டுப் பேர் வந்தார்கள். போட்ட உப்பைத் திரும்ப அள்ள முடியாது. அதனால் மேட்டின் விளிம்பை முழங்கால் உயரம் சீவித் தள்ளினார்கள், பறக்கிற தூரம் குறையட்டும் என்று. நேர் ஓட்டத்தின் மேல்தோலை வாரிவிட்டார்கள். நடுவில் ஓரளவு பொடிந்தது, இடது ஓரத்தில் கோடுகூட விழவில்லை. சோதிக்கிறவன் ஒருத்தன் இறங்கினான், கோட்டுக்கு ஓரடி முன்னால் வந்து இறங்கினான். ரியெட் வாக்கி டாக்கியில் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் சொன்னான், ஏழாம் மேட்டில் உப்புப் போட்டிருக்கிறது, வேகம் அதிகம், பார்த்து வாருங்கள் என்று. யார் போட்டது என்று மேலிருந்து கேட்டார்கள். ரியெட் தூமாஷை ஒரு பார்வை பார்த்தான்.

"பார்பா தூமாஷ்," என்றான்.

வாக்கி டாக்கிக்குள் யாரோ சிரித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

தூமாஷை வலைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அவர் போயிருக்கலாம். கைப்பட்டை இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது ஓட்டம் போனது. நாலு பேரும் நடுவிலேயே, பயந்து, நிமிர்ந்து, வேகத்தைக் கொன்றுகொண்டு வந்து பறந்தார்கள். நாலு பேரும் கோட்டுக்கு முன்னால் இறங்கினார்கள். ஷிமுன் மூச்சு விட்டான். தூமாஷ் விடவில்லை.

"இப்ப கண்ணை மூடிக்கோ வேணும்னா," என்றான் ஷிமுன். கேலியாகச் சொல்லவில்லை.

கதவு விழும் சத்தம்.

அவர் மூடவில்லை. மூடினால் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும், முட்டி போன சத்தத்துக்காக. வளைவைத் தாண்டி முதலில் ஒரு பச்சைச் சட்டை, அடுத்து நீலம், மூன்றாவது சிவப்பு. சிவப்புதான் லாதினா. இந்த ஓட்டத்தின் மஞ்சள் சட்டை அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு. மூன்றாவதாக வந்தால் வெளியே. வெளியே போகட்டும், போகட்டும் என்று அவர் வாய்க்குள் சொன்னார். நிமிர்ந்து நின்று வா, கடைசியாக வா, நடந்து வா.

நேர் ஓட்டத்துக்குள் நுழைந்ததும் பச்சையும் நீலமும் நடுவில் நிமிர்ந்தார்கள், முந்தினவர்கள் மாதிரியே. சிவப்பு நிமிரவில்லை. அவள் விலகினாள். இடது பக்கம், ஓரத்துக்கு, நேராக வலையைப் பார்த்து, நேராக அவரைப் பார்த்து வந்தாள்.

முட்டி போய்விட்டது, என்று அவர் நினைத்தார். கால் இழுத்துக்கொண்டு போகிறது. வலையில் வந்து விழப்போகிறாள். அவருடைய தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. பேரா, வெறும் சத்தமா, ஷிமுனுக்கும் பிறகு சொல்லத் தெரியவில்லை. வலைக்கு அடியில் கையை நீட்டினார், பிடித்துவிட முடிகிற மாதிரி.

கை எட்டும் தூரத்தில் அவள் கடந்து போனாள். ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்திருந்தது தெரிந்தது. அவள் விழவில்லை. அவள் கட்டை பளிங்கின் மேல் கத்தி தீட்டுகிற மாதிரி கிறீச்சிட்டது. குனிந்து, மடங்கி, நாற்பது வருஷ உப்புக்காரன் கையிலிருந்து கனமாக விழுந்த அந்த நாலடிப் பட்டையின் மேலேயே வந்தாள். நடுவில் வந்த நீலத்தைத் தாண்டினாள். விளிம்பில் முட்டியை நெஞ்சு வரைக்கும் மடக்கிக்கொண்டாள், மேடு அவளை மேலே எறிய விடாமல். தாழப் பறந்தாள். பறப்பதிலேயே பச்சையையும் தாண்டினாள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் இறங்கினாள். இரண்டு கால். இரண்டு முட்டி. அடுத்த வளைவில் மறைந்துபோனாள்.

கீழே கூட்டம் இரைந்தது. ஒலிபெருக்கி அவள் பேரைக் கத்தியது.

தூமாஷ் பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் மாடு," என்றான் ஷிமுன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து தூமாஷ் காலி வாளிகளை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாதையில் இறங்கினார். பாதைக்கு மேலே தொங்கு நாற்காலி போகிறது, ஜெயித்தவர்களை மறுபடி மேலே கொண்டுபோக. கீழே எவனோ ஏறத் தெரியாமல் ஏறி விழுந்திருக்க வேண்டும், கம்பி நின்றது. நாற்காலிகள் ஆடின. அவர் தலைக்கு நேர் மேலே ஒரு சிவப்புச் சட்டை.

"அப்பா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். லாதினா பக்கத்தில் பச்சைச் சட்டைக்காரி உட்கார்ந்திருந்தாள். இருவரும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள், கொஞ்சம் முன்னால் முழங்கையால் இடித்துக்கொண்டவர்கள்.

"முட்டி?" என்றார்.

"ரெண்டும் இருக்கு!"

"அந்த சுவீடன் பொண்ணு?"

"காறை எலும்பு. மூணாவது தடவையாம். உங்களுக்கு ஒரு சேதி அனுப்பியிருக்கா, அம்மா கேட்டா காதை மூடிக்குவாங்க."

"எழுதிக் கொடு. நான் போய் மன்னிப்புக் கேக்கிறேன்."

"நானும் வர்றேன், சாயந்திரம்."

அவர் கழுத்து வலித்தது. அப்படியும் பார்த்துக்கொண்டே நின்றார். "எதுக்கு ஓரத்துக்கு வந்த? வலையில வந்து விழப்போறன்னு நான்..."

லாதினா குனிந்து பார்த்தாள். காலில் தொங்கின கட்டைகள் ஆடின. "உங்க பேரைச் சொன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சுப்பா. நீங்க வீசினா முக்காவாசி நாலடிக்குள்ளதான் விழும். நம்ம மேய்ச்சல்ல நீங்க வேலி ஓரமா நடந்து உரம் வீசினாலும் அங்க மட்டும்தானே புல்லு மொளைக்கும்? மாடெல்லாம் வேலியிலேயே நிக்கும். நடுவுல வாரி விட்டிருப்பாங்க, நீங்க நிக்கிற பக்கத்து ஓரம் இறுகித்தான் இருக்கும்னு கணக்குப் போட்டேன்."

பச்சைச் சட்டைக்காரி அவளைத் திரும்பிப் பார்த்து, தன் மொழியில் ஏதோ சொல்லி, முழங்கையால் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினாள்.

"அப்ப அது திருட்டு," என்றார் தூமாஷ். "மத்த மூணு பேருக்கு அது தெரியாதே."

"எல்லாருக்கும் அதே பனிதானேப்பா! பாத்தவ எடுத்துக்கிட்டா!"

"நான் உப்புப் போட்டதே எல்லாருக்கும் ஒரே தரையா இருக்கணும்னு."

"அது உங்க ஓட்டம். இது வேற ஓட்டம்."

"இதுக்குப் பேரு ஓட்டமா?"

கம்பி இழுத்தது. நாற்காலி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. லாதினா திரும்பி, முதுகு வளைத்து, இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்: "அரையிறுதி இருக்கு! இருங்க! அம்மாகிட்ட சூப் குடிச்சிட்டு நில்லுங்க!" பிறகு மரங்களுக்கு மேலே அவளும் சின்னதாகி, சிவப்பு ஒரு புள்ளியாகி, மேலே போனாள், மறுபடியும் அந்தக் கதவுக்கு.

தூமாஷ் கூடாரத்தைத் தாண்டினார். மெஞ்சா கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "யோவ், எங்க போற? அடுத்தது அவதான்!" என்றாள். சூப் மணத்தது. பசித்தது. அவர் நிற்கவில்லை.

"கொட்டாய்க்கு."

"மாடு இல்லய்யா அங்க!"

"தெரியும்."

ஊர்த் தெருவில் ஓர் ஆள் இல்லை. எல்லோரும் மலையில் இருந்தார்கள். வாளிகள் முட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் அவரோடு வந்தது. நாலு பேரை ஒரே தடத்தில் அவிழ்த்துவிடுவது, ஒருத்தி இடறினதை இன்னொருத்தி லாபமாக்கிக்கொள்வது, எலும்பு உடையக் காரணமானவனுக்கே கேலிச் சேதி அனுப்புவது, அதற்கப்புறம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பது. கடிகாரம் யாரோடும் பிஸ்கட் தின்னாது. கோயில் சுவர் வரைக்கும் அவர் இதை முனகிக்கொண்டே போனார். பின்னால் மலையில் கதவு விழும் சத்தம், பட்டென்று, தூரத்தில் சின்னதாக. கூட்டம் இரைய ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார்.